முந்திரிக்காட்டு டவர்

திருட்டுச் செய்தி வந்ததும் கலைமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு ஆபீஸ் வாசலுக்குப் போய், ஆசை தீரச் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கந்தர்வக்கோட்டைக்கு மேற்கே முந்திரிக்காட்டுக்குள் நிற்கும் செல்போன் டவரில் பட்டப்பகலில் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நேரத்தில் டவரடியில் இருந்ததாக, ஊழியர்களின் போன் இருக்கும் இடத்தைக் காட்டும் கம்பெனி ஆப் காட்டிய ஒரே ஆள், டவர் பராமரிப்பு சூப்பர்வைசர் பிரசாந்த்.

போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில் அதே டவரில் இதே போல ஒரு திருட்டு நடந்தது. அன்று ஆப் காட்டிய ஆள், பிரசாந்துக்குக் கீழே டவர் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் செம்மல்.

செம்மலோ அன்று மீமிசல் டவரில் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அப்டேட் போட்டுத் தருகிறேன் என்று அவன் கம்பெனிப் போனை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தவன் பிரசாந்த். இருக்கும் இடத்தை மாற்றிக் காட்டும் கள்ள ஆப்பை அவன்தான் அதில் ஏற்றியிருக்க வேண்டும், பேட்டரியையும் அவன்தான் விற்றுத் தின்றிருக்க வேண்டும் என்று செம்மல் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை. கம்பெனி ஏதோ பெருந்தன்மை காட்டுவதுபோல, போலீசுக்குப் போகாமல் வேலையை மட்டும் பிடுங்கிக்கொண்டது. ஊர் அவனுக்கு 'பேட்டரி' என்று பேர் வைத்தது. அதையெல்லாம்கூட அவன் தாங்கியிருப்பான். அப்பா ஆண்டியப்பன் கேட்ட ஒரு கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை.

"மிசினு பொய் சொல்லுமாடா?"

மறுநாளே வீட்டைவிட்டுப் போனவன், கடைசியில் கத்தாருக்குப் போய்ச் சேர்ந்தான். அப்பா செத்ததற்கும் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது என்று போனில் அழுதான். கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுப் பையன். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்ட அந்த இடத்தில், பாடை மறையும்வரை பார்த்துக்கொண்டே கலைமதி கறுவிக்கொண்டாள்.

படித்திருந்த எலக்ட்ரானிக்ஸ் கைகொடுத்தது. அதே டவர்களை நடத்தும் செல்போன் கம்பெனியின் புதுக்கோட்டை ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் யார் வீட்டுப் பெண் என்று பிரசாந்துக்குத் தெரியாது. வரும்போதெல்லாம் சாப்பிட்டாயாம்மா என்று விசாரிப்பான். வயிறு எரிய, சாப்பிட்டேன் சார் என்பாள்.

போன், தான் இருக்கும் இடத்தைப் பற்றி எந்தப் பொய்யையும் சொல்லும். டவரிடம் அந்தப் பருப்பு வேகாது. போன் எந்த டவரோடு பேசியது, சிக்னல் போய்வர எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை வைத்து, போன் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று டவரே கணக்கிட்டுப் பதிந்துகொள்ளும். அந்தப் பதிவுக்கு உடனுக்குடன் ஒரு பூட்டு விழுந்துவிடும். பிறகு யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் பூட்டு உடைந்தது தெரிந்துபோகும். செம்மலைக் காப்பாற்றும் பதிவு அவள் உட்காரும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. ஆனால் விசாரணை உத்தரவு இல்லாமல் யாருடைய பதிவையும் திறக்கக் கூடாது. திருட்டுத்தனமாகத் திறந்து காட்டினால் அதை எவரும் ஏற்கவும் மாட்டார்கள். செம்மல் போட்ட மனுவுக்கோ, ஆப் காட்டியதே போதும் என்று பதில் வந்துவிட்டது. வரும் சித்திரையோடு அந்தப் பழைய பதிவுகள் அழிந்துவிடும். இப்போது பங்குனி.

பிரசாந்த் வியர்த்து விறுவிறுத்து அவள் மேசைக்கு வந்தான். கோட்டைப்பட்டினத்தில் அவனுக்கு இறால் பண்ணை. டூட்டி நேரமெல்லாம் அங்கேதான் கிடப்பான். கள்ள ஆப் தயவில் அவன் போன் மட்டும் முந்திரிக்காட்டில் டூட்டி பார்க்கும். எவனும் எட்டிப் பார்க்காத இடம் என்று எப்போதும் அந்த டவரையே வைத்திருந்தான். அந்த இடத்துக்கே கள்ளன் வந்துவிட்டான் என்று எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினான்.

கலைமதி அவனுக்கு வழி சொல்லிக் கொடுத்தாள்.

"பயப்படாதீங்க சார். ஆப்பை யாரு வேணும்னாலும் மாத்தலாம், டவர் பதிவுதான் நெசம்னு விசாரணைக்கு வர்ற மேடத்துக்கிட்ட நீங்களே சொல்லுங்க. ஒங்க பதிவைத் தொறந்து பாப்பாங்க."

நீ என் குலசாமி என்று அவன் கும்பிட்டான்.

விசாரணைக்குத் திருச்சியிலிருந்து அதிகாரி சிவரஞ்சனி வந்தார். டூட்டியை ஏமாற்றினேன், அதற்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், திருட்டுப் பட்டம் மட்டும் வேண்டாம் என்று பிரசாந்த் கெஞ்சினான். போன் காட்டுவதை நம்பாதீர்கள், டவரைக் கேளுங்கள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். உத்தரவு கிடைத்ததும் கலைமதி பதிவைத் திறந்தாள். கோட்டைப்பட்டினம் டவர். பிரசாந்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த மூச்சை அவன் முழுசாக விடுவதற்குள் கலைமதி எழுந்தாள்.

"மேடம், இதே எடத்துல முந்தியும் ஒரு திருட்டு. அப்பவும் ஆப்பை மட்டும் வச்சுத்தான் ஒருத்தரை வேலையவிட்டு அனுப்பினாங்க. சார் சொல்ற ஞாயப்படி அதையும் தொறந்து பாக்கணும்ல?"

சிவரஞ்சனி பிரசாந்தின் கையெழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திறக்கச் சொன்னார். செம்மலின் போன் அன்று முழுக்க மீமிசலில் இருந்தது. முந்திரிக்காட்டு டவரின் அன்றைய பதிவையும் பார்த்தார்கள். பேட்டரி போன நேரத்தில் அதற்குக் கல்லெறியும் தூரத்தில் இருந்தது பிரசாந்தின் போன்.

பிரசாந்த் அவளையே பார்த்தான். "அவன் ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டான்.

"எங்கண்ணன்."

அந்த நிமிஷம் அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

அந்த இனிப்போடு கத்தாருக்குப் போன் போட்டாள். செம்மல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"அப்பாட்ட யாரு சொல்றது மதி?" என்றான்.

ஊருக்கு வா என்று சொல்ல நினைத்திருந்தவள், அதைச் சொல்லாமலே போனை வைத்தாள்.

சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்தில் பிரசாந்த் காத்திருந்தான். வேலையை விட்டுவிடுகிறேன், போலீஸ் மட்டும் வேண்டாம், பிள்ளைகுட்டிக்காரன் என்று காலில் விழப் போனான். கலைமதி நகர்ந்து நின்றாள்.

"எங்கப்பா சாகுற வரைக்கும் எங்கண்ணனைத் திருடன்னே நெனச்சாரு சார். எங்கூரு சுடுகாட்டுலதான் இருக்காரு. போயி அவருகிட்ட நெசத்தைச் சொல்லுங்க. விட்டுடும்மான்னு அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், நானும் விட்டுடுறேன்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியைப் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் திருப்பினாள்.