ரத்தினபாய் டீச்சர், பையை எடுங்க

செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் மறைமலை நகரில் அரை நிமிடம் நின்றால் அதிகம். கண் தெரிகிறவர்களுக்கு அது போதும். ரத்தினபாய்க்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. வீடு இரும்புலியூரில், மறைமலை நகரில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை. தாம்பரத்தில் ஏறினால், வண்டி நிற்பதற்கு முன்பே சரியான பக்கத்துக் கதவருகே போய் நின்றாக வேண்டும். பெண்கள் பெட்டியின் சத்தத்தில் எந்த அறிவிப்பும் காதில் விழும் என்று நம்ப முடியாது.

அதே பெட்டியில் தினமும் கூடுவாஞ்சேரி வரை வருகிற அனம், மென்பொருள் எழுதுகிறவள், இதற்காக ஒரு செயலி செய்தாள். பெயர் ‘இறங்குமிடம்’. அது வேலை செய்யும் விதம் அழகானது. செயற்கைக்கோள்களைக் கேட்டு போன் தன் இடத்தைக் கணக்கிடும். ஆனால் இரும்புப் பெட்டிக்குள் அந்தக் கணக்கு தடுமாறும். சில நேரம் வண்டி பீர்க்கன்கரணை ஏரியின் நடுவில் நிற்பதாகக்கூடச் சொல்லும். அதனால் செயலி இன்னொரு சாட்சியையும் விசாரிக்கும். போனுக்குள் அசைவை உணரும் சின்னச் சில்லு ஒன்று உண்டு. வண்டி கிளம்பியதா, வேகம் பிடித்ததா, பிரேக் விழுந்ததா என்று அதற்குத் தெரியும். இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போனால்தான் செயலி வாய் திறக்கும். இறங்க வேண்டிய நிலையத்துக்கு முந்தையது தாண்டியதும், “ரத்தினபாய் டீச்சர், பையை எடுங்க” என்று அனமின் குரல் சொல்லும். பிறகு எந்தப் பக்கம் என்று சொல்லும். பெயரை எடுத்துவிட்டுப் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டும் என்று அனம் நினைத்துக்கொண்டே இருந்தாள். செய்யவில்லை. பயன்படுத்திய முப்பது, நாற்பது பேருக்கும் டீச்சரைத் தெரியும், யாரும் குறை சொல்லவில்லை.

செயலியின் மூல நிரலை அனம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். நிபந்தனை இரண்டுதான். எழுதியவர் பெயரை அழிக்கக் கூடாது. மாற்றியதை வாங்குகிறவருக்கும் நிரலைத் திறந்து தர வேண்டும். நாலு வரியில் அடங்கும் இந்த உரிமத்தைப் பள்ளிப் பிள்ளைகள்கூடப் புரிந்துகொள்வார்கள். கம்பெனி நடத்துகிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

டீச்சரின் போன் ஒருநாள் கீழே விழுந்து, கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை போல் விரிசல் விட்டது. வேலையெல்லாம் முன்போலவே செய்தது. ஆனால் மகன் ஃபிரெடிக்கு அதைப் பார்க்க மானக்கேடாக இருந்தது. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அம்மா உடைந்த போனோடு ரயிலில் போவதைக் கூட வேலை செய்பவர்கள் பார்த்துவிட்டார்களாம். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தான். அதில் ஒரு விசேஷம்: தன் சொந்தக் கடையிலிருந்து வருகிற செயலியைத் தவிர வேறெதையும் உள்ளே விடாது. எல்லாம் பாதுகாப்புக்காக. அனமின் செயலி அந்தக் கடையில் இல்லை. ஃபிரெடி தேடினான், முதலில் வந்தது ‘இறங்குமிடம் ப்ளஸ்’. ப்ளஸ் என்றால் நல்லதுதானே என்று அதைப் போட்டுக் கொடுத்தான்.

முதல் நாள் காலையில் அந்தச் செயலி, மறைமலை நகருக்கு முந்தைய நிலையமான காட்டாங்குளத்தூரில் வாய் திறந்து ரம்மி விளையாட அழைத்தது. திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் வசதி, விளம்பரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விடாமல் படித்தது. மூடும் பொத்தான் எங்கே என்பதை மட்டும் படிக்கவில்லை. விளம்பரம் செய்தவர்கள் அதற்குப் பெயரே வைக்கவில்லை. ரம்மி முடிந்து, “ரத்தினபாய் டீச்சர், பையை எடுங்க” என்று அனமின் குரல் வந்தபோது வண்டி மறைமலை நகரை விட்டுக் கிளம்பியிருந்தது. டீச்சர் அடுத்த நிலையமான சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, யார் யாரையோ கேட்டுப் படியேறி எதிர் நடைமேடைக்குப் போய், முதல் பீரியடைத் தவறவிட்டார்.

அன்று மாலை அனமுக்கு போன் வந்தது.

“நீயா அனம், சீட்டாட்டத்துக்கு ஆள் பிடிக்கிறே?”

அவள் குரல்தானே கேட்டது. வேறு யாரை நினைப்பார்? அனம் அந்தச் செயலியை இறக்கித் திறந்து பார்த்தாள். பெயருக்குப் பின்னால் ப்ளஸ், சின்னத்துக்குப் புது நிறம், அரை நிமிடத்துக்கு ஒரு விளம்பரம். மற்றதெல்லாம் அவள் எழுதியது. அவள் பெயரைத் தேடி அழித்தவர்கள் ஒலிப்பதிவைக் கேட்டே பார்க்கவில்லை. கடைப் பக்கத்தில் கூடுவாஞ்சேரி சரோஜினி என்பவர், தன்னை ஏன் ரத்தினபாய் என்று கூப்பிடுகிறது என்று கேட்டு ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். அதற்குக் கம்பெனி பணிவோடு பதில் போட்டிருந்தது: ‘ரத்தினபாய் எங்கள் செயற்கை நுண்ணறிவு உதவியாளர். தங்கள் ஆதரவுக்கு நன்றி.’

கம்பெனி என்பது பெருங்களத்தூரில் ஒரு ஒற்றை அறையும், பிரணவ் என்ற நிறுவனரும். அனம் அவனுக்கு போன் செய்தாள்.

“ஓப்பன் சோர்ஸ்னா ஃப்ரீ தானே சிஸ்டர்? யாரு வேணா எடுத்துக்கலாமே.”

எடுக்கலாம், விற்கலாம், விளம்பரம்கூடப் போடலாம், அதில் தனக்குக் கோபமில்லை என்று அனம் பொறுமையாகச் சொன்னாள். நிரலைத் திறந்து வை, பெயரைத் திருப்பிப் போடு, குரலை எடுத்துவிடு என்றாள்.

“அதெல்லாம் யாரு சிஸ்டர் படிக்கிறா?” என்று வருத்தத்தோடு கேட்டான் பிரணவ். உரிமத்தை ஒருவரும் படிப்பதில்லை என்பது நாட்டின் குறை, தன்னுடையது அல்ல என்பது போல.

சரி, தன் செயலியையே கடையில் வைத்துவிடலாம் என்று அனம் விண்ணப்பித்தாள். அடையாள அட்டை, முகவரிச் சான்று, முகத்தைத் திருப்பித் திருப்பி ஒரு வீடியோ, எல்லாம் கொடுத்தாள். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: உங்கள் செயலி ஏற்கெனவே உள்ள ‘இறங்குமிடம் ப்ளஸ்’ செயலியைப் போலவே இருக்கிறது, நகல்களை நாங்கள் ஏற்பதில்லை. மூலம் தன்னுடையது, மூன்று வருடத் தேதிகளோடு இணையத்தில் இருக்கிறது, அதில் பேசுவதே தன் குரல் என்று அவள் எழுதினாள். வர்த்தக முத்திரையின் பதிவு எண்ணைக் கேட்டார்கள். இனாமாகக் கொடுப்பதற்கு எதற்கு வர்த்தக முத்திரை என்று அவள் கேட்டதற்கு, தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று வந்தது.

கடைசியாக அவள் பதிப்புரிமைப் புகார் கொடுத்தாள். அந்தப் படிவத்துக்குக் கடை பயப்படும். அதற்குப் பின்னால் நீதிமன்றம் இருக்கிறது. மறுநாளே ‘ப்ளஸ்’ காணாமல் போனது. அனம் தன் செயலியை மறுபடி அனுப்பினாள். இந்த முறை மூன்றே நிமிடம். பதிப்புரிமை மீறலுக்காக நீக்கப்பட்ட செயலியோடு உங்கள் நிரல் முழுமையாக ஒத்துப்போகிறது. எனவே உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது. தன்னிடமிருந்தே திருடிய குற்றத்துக்கு அவளுக்குத் தண்டனை. அதே வாரம் பிரணவ் வேறொரு கணக்கில் ‘இறங்குமிடம் அல்ட்ரா’ என்று திரும்பி வந்தான். அந்தக் கடையைச் சமாளிக்கும் வித்தை அவன் உடம்பில் ஊறியிருந்தது. அனமுக்கு அது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் இரும்புலியூர் வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து ஆண்டுத் தேர்வு. இன்னொரு முறை தவறவிட்டால் தேர்வு அறை திறக்காது, சாவி டீச்சரிடம். ஃபிரெடி, தானே பைக்கில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். அவனுக்கு மூன்று ஷிஃப்ட். எத்தனை நாளைக்கு?

“பழைய போன் எங்கடா?” என்று கேட்டார் ரத்தினபாய்.

செருப்பு ஸ்டாண்டின் டிராயரில் கிடந்தது. எக்ஸ்சேஞ்சில் ஒரு கடைக்காரனும் அதை எடுக்கவில்லை, கண்ணாடியைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார்கள். அம்மா, அது உடைஞ்சிருக்கு என்று ஃபிரெடி முனகினான்.

“உடைஞ்சிருந்தா உனக்குத்தான்டா தெரியும். எனக்கென்ன?”

விரல் கிழியாமல் இருக்க அனம் அதன்மேல் அகலமான செல்லோ டேப்பை ஒட்டினாள். சார்ஜ் ஏறியதும் செயலியைத் திறந்தாள். எந்தக் கடையையும் கேட்காமல் அது கிளம்பியது. பெயரை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டாள். டீச்சர் வேண்டாம் என்றார்.

திங்கட்கிழமை காலை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா டேப் ஒட்டிய போனை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இன்னா டீச்சரு, போன் இப்டி நொறுங்கிக் கீது, புச்சா ஒண்ணு மாத்தக் கூடாதா?”

“மாத்துனேம்மா. சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் போயிட்டு வந்தேன்.”

காட்டாங்குளத்தூர் தாண்டியது. அனமின் குரல் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ரத்தினபாய் மடியிலிருந்த பையில் கையை விட்டு, தேர்வு அறைச் சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, இடது பக்கக் கதவை நோக்கி எழுந்தார்.