சில்லறை எடுத்த கை

வேணியின் தாலிக்கு விலை ஒரு லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூறு ரூபாய். எட்டு கிராம், அன்றைய கிராம் விலைப்படி, செய்கூலி சேதாரம் கழித்து. இது அவள் சொன்ன விலை இல்லை. அவள் புருஷன் மகேஷ் மாநகராட்சி வார்டு தேர்தலுக்கு மனு போட்டபோது, கூட வைத்த சொத்துப் பத்திரத்தில் மனைவிக்கென்று இருந்த கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட விலை. கழித்த சேதாரத்தில் அவனோடு வாழ்ந்த இருபத்தோரு வருஷமும் அடக்கமா என்று வக்கீலிடம் கேட்டாள் வேணி. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பத்திரத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தார்கள். மகேஷின் பக்கத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் இரண்டு இன்சூரன்ஸ் பாலிசியும் இருந்தன. வேணியின் பக்கத்தில் டவுன் ரத வீதிக்குப் பின்னால் ஒரு பாத்திரக் கடை, அதன் சரக்கு, அறுபத்திரண்டு பவுன். பொண்டாட்டி பேரில் கடை இருந்தால் அது புருஷனுடைய பணம்தான் என்று வாட்ஸ்அப் குழுக்களில் அரை நாளில் தீர்ப்பாகிவிட்டது. கடையை வைத்தவள் அவள். எவர்சில்வரை எடை போட்டு வாங்கி எடை போட்டு விற்று, வட்டி கட்டி, வாடகைக் கடையைச் சொந்தக் கடையாக்கியவளும் அவள். மகேஷ் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. பாதி நாள் டீக்கடையில்தான் பாலிசி பிடிப்பான். ஆனால் கட்சி அடித்த நோட்டீசில் அவன் படத்துக்குக் கீழே 'பாத்திரக் கடை உரிமையாளர்' என்று இருந்தது. வேணி கேட்டதற்கு அச்சுப்பிழை என்றான். பத்தாயிரம் நோட்டீசிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை.

பிரச்சாரத்துக்கு அவளும் வர வேண்டும் என்றார்கள். போனாள். முதல் நாள் பட்டுச் சேலை கட்டினாள், பணத்திமிர் என்றார்கள். மறுநாள் நூல் சேலை கட்டினாள். அறுபத்திரண்டு பவுனைப் பூட்டி வைத்துவிட்டு ஏழை வேஷம் போடுகிறாள் என்றார்கள். சிரித்தால் இளிக்கிறாள். சிரிக்காவிட்டால் இப்பவே இந்த மிடுக்கு, ஜெயித்தால் கையில் பிடிக்க முடியுமா. மகள் பெங்களூரிலிருந்து வராததற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, ஏதோ மகளைத் தனியாகப் பெற்றவள் மாதிரி. எதிர்த்து நின்றவர்களில் ஒருவருக்கு இரண்டு குடும்பம் என்பது அந்த வார்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். அவர் கட்டியிருந்த வேட்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் நாள் ஆரத்தி வந்தது.

தேர்தல் ஆரத்தியை விளக்க வேண்டியதில்லை. வேட்பாளர் தெருவில் நுழைந்ததும் பெண்கள் வெற்றிலையில் சூடம் ஏற்றிய தட்டோடு வரிசையாக நிற்பார்கள். சுற்றி முடித்ததும் தட்டில் ரூபாய் விழ வேண்டும். வேட்பாளர் போட்டால் பறக்கும் படை வரும். அவர் பெண்சாதி போட்டால் அது பண்பாடு. வேணி நூறு ரூபாய்த் தாள்களாகக் கொண்டுபோயிருந்தாள். பதினாறு தட்டோடு அவை தீர்ந்தன. பதினேழாவது தட்டு மாரித்தாயினுடையது. கைப்பையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் மிச்சம். தட்டில் ஏற்கெனவே ஆறு நூறு ரூபாய்த் தாள்கள் கிடந்தன.

இருபத்தோரு வருஷம் கல்லாவில் பழகிய கை. அது யாரையும் கேட்கவில்லை. ஐந்நூறை வைத்தது, நான்கு நூறை எடுத்தது, எடுத்ததைக் கட்டை விரலால் விரித்து எண்ணிச் சரிபார்க்கவும் செய்தது.

பதினான்கு விநாடி வீடியோ. மத்தியானத்துக்குள் அவளுக்குச் 'சில்லறை அக்கா' என்று பெயர் வைத்தாயிற்று. புருஷனுக்குச் சீட்டு, பொண்டாட்டிக்குச் சில்லறைப் புத்தி. தெய்வத்துக்குக் காட்டும் சூடத்திலேயே பாக்கி வாங்கியவள், வார்டுக்கு வரும் பணத்தை விடுவாளா. வார்டுப் பணத்தைத் தொடப்போகிறவன் மகேஷ் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மேலப்பாளையத்திலிருந்து பிரியாணித் தேக்சா வாங்க வரும் மீரா முகைதீன் மட்டும், கல்லாவில் உட்கார்ந்த யார் கையும் அப்படித்தான் போகும், நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன் என்றார். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

சாயங்காலம் கட்சியின் வட்டச் செயலாளர் அம்பலவாணன் கடைக்கு வந்தார். பின்னாலேயே மகேஷ். அம்பலவாணன் கட்டளையைக் கூடக் கெஞ்சுவது போலத்தான் சொல்வார். அப்படித்தான் முப்பது வருஷமாகக் கட்சியில் இருக்கிறார். நாளைக் காலை மாரித்தாய் வீட்டுக்குப் போய்க் காமிரா முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதான், அரை நிமிஷ வேலை என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியே கொண்டுவந்திருந்தார். 'நான் வீட்டோடு இருக்கிற பெண். விவரம் தெரியாதவள். என் கணவரின் கடையில் துணைக்கு உட்காருவேன். தெரியாமல் செய்த பிழையைத் தாய்மார்கள் மன்னிக்க வேண்டும்.'

வேணி பி.காம். படித்தவள். கடையின் ஜி.எஸ்.டி. கணக்கை அவளேதான் ஏற்றுகிறாள். காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"விவரம் தெரியாதவள்னு போட்டிருக்கே அண்ணாச்சி. இத யாரு எழுதினது?"

"எழுத்துல என்ன தங்கச்சி இருக்கு. பாத்தா சனம் பாவம்னு நினைக்கணும். பாவம்னு நினைச்சாத்தான் ஓட்டு."

மகேஷ் பைய அவள் பக்கம் நகர்ந்து வந்தான். "ஒத்த வார்த்தைதான வேணி. நாலு நாளுல எல்லாரும் மறந்துருவாவ."

"நீங்க மறந்துருவீங்க. நான் இங்கன உக்காரணும்லா. நாளைக்கு ஒருத்தன் இட்லிச் சட்டி வாங்க வந்து, விவரம் தெரியாத பொம்பள எடையச் சரியாப் போட்டாளான்னு கேப்பான். அவனுக்கு என்ன சொல்ல?"

அந்தக் கடையில் பேரம் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், கடன் சொல்வார்கள். ஆனால் அவள் சொன்ன எடையை இந்த இருபத்தோரு வருஷத்தில் யாரும் மறுபடி நிறுத்துப் பார்த்ததில்லை. அவள் சேர்த்த சொத்து அதுதான். பத்திரத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அரை நிமிஷத்தில் அதை அவள் வாயாலேயே அழித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

போகிறேன் என்றாள். காகிதத்தைப் படிக்க மாட்டேன் என்றும் சொன்னாள். அம்பலவாணன் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு எழுந்தார்.

போவதற்கு அவளுக்கென்று ஒரு காரணம் இருந்தது. அந்த வீடியோவை அவளும் பார்த்திருந்தாள், இருபது தடவைக்கு மேல். ஐந்நூறு வைத்து, நானூறு எடுத்து, எண்ணி, அடுத்த தட்டுக்குப் போகும் வரை அவள் தலை நிமிரவே இல்லை. தட்டை ஏந்தியவள் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஊர் திட்டியதில் ஒன்றும் அவளைச் சுடவில்லை, இது சுட்டது.

மாரித்தாய் வீடு குறுக்குத்துறை போகும் வழியில் வாய்க்கால் ஓரத்துச் சந்தில் இருந்தது. அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் பீடியிலை பரப்பிய சொளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வேணியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. சுற்றுகிற கையும் நிற்கவில்லை. அம்பலவாணன் வெளிச்சம் சரியில்லை என்று வாசலில் நின்ற கூட்டத்தை விரட்டப் போனார். அந்த இடைவெளியில் வேணி தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கோபமா என்று கேட்டாள்.

"கோபம் ஒங்க மேல இல்லக்கா," என்றாள் மாரித்தாய். "அந்தத் தட்டே என்னுது இல்ல. கட்சிக்காரவியதான் கொண்டாந்தாவ. தட்டுல கெடந்த நோட்டும் அவிய வச்சதுதான், பாக்கதுக்கு எல்லாரும் போடுத மாதிரி இருக்கணும்னு. நிக்கதுக்கு எரநூறு தாரேன்னாவ. நீங்க முக்கு திரும்பினதும் ஒங்க ஐந்நூறு மொதக்கொண்டு எண்ணி வாங்கிட்டுப் போய்ட்டாவ. எரநூறு இன்னும் வரல."

அதோடு விட்டிருந்தால் வேணி தாங்கியிருப்பாள். மாரித்தாய் இலையைக் கத்தரித்துக்கொண்டே மீதியையும் சொன்னாள். நேற்று வீடியோ வந்ததிலிருந்து அவள் மாமியார், தட்டில் விழுந்த ஐந்நூறை எங்கே ஒளித்தாய் என்று கேட்டு வீட்டில் உலை வைக்க விடவில்லை. ஊரெல்லாம் பார்த்த ஐந்நூறு இல்லை என்றால் யார் நம்புவார்கள்.

ஆக, வேணி எடுத்த நானூறு கட்சி வைத்த நானூறு. அவள் வைத்த ஐந்நூறு கட்சிக்கே போன ஐந்நூறு. யாரிடமிருந்து பிடுங்கியதாக ஊர் அவளைக் காறித் துப்பியதோ அவளிடம் பிடுங்க ஒன்றுமே இருந்ததில்லை. இது முழுக்கத் தெரிந்த மனிதர்தான் வாசலில் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார், அவள் மன்னிப்புக் கேட்பது நன்றாகப் பதிவாக வேண்டும் என்று.

அம்பலவாணன் உள்ளே வந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தார். வேணி மாரித்தாயின் முகத்தைப் பார்த்தாள். இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மாரித்தாய், நேத்து நான் ஒன் மூஞ்சியப் பாக்கல. தட்டைத்தான் பாத்தேன். கடைக்கு வாரவங்ககிட்டகூட நான் அப்படி நடந்துக்கிட்டது கெடையாது. என்னை மன்னிச்சிரு. நான் வச்ச ஐந்நூறு ஒன் கைக்கு வரலன்னு எனக்குத் தெரியும். ஒன் மாமியாரும் தெரிஞ்சுக்கிடட்டும். அது யாரு கைக்குப் போச்சுன்னா..."

அம்பலவாணன் போனை இறக்கினார். போதும் தங்கச்சி, அருமையாக வந்திருக்கிறது என்றார். மாரித்தாய் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பீடிக்கு இலை எடுத்தாள்.

மறுநாள் காலை வீடியோ வந்தது. ஆறு விநாடி. 'என்னை மன்னிச்சிரு' மட்டும், பின்னால் யாரோ வாசித்த சோகப் புல்லாங்குழலோடு. மேலே எழுத்து: 'விவரம் அறியாமல் செய்த பிழை. கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்ட எளிய குடும்பப் பெண்.' அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் ஊர் அழுதது. குணவதி என்றார்கள். இப்படி அடங்கின பெண் அமைய மகேஷ் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். சில்லறைப் புத்தி என்று எழுதிய அதே ஆட்கள் கைகூப்பும் படம் போட்டார்கள். முந்தின நாள் வசவு அவள் செய்த காரியத்துக்காவது விழுந்தது. இந்தப் புகழில் அவள் செய்தது எதுவுமே இல்லை. வசவையே வைத்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

பதினொரு மணிக்கு ஒருவர் வந்து ஐந்து லிட்டர் குக்கர் எடுத்தார். பில்லை வாங்கிக்கொண்டு, தயங்கி, வீட்டுக்கார அண்ணாச்சி இல்லையாம்மா, அவர் ஒரு தரம் பார்த்துக் கூட்டிச் சொன்னால் நல்லது என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். வேணி கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்து, நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் கூட்டினார். சரியாக இருந்தது. அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

அவர் படியிறங்கும்போது மகேஷ் ஏறி வந்தான். முகம் பூராவும் வெளிச்சம்.

"ஒன்னாலதான் தப்பிச்சேன் வேணி. நேத்துவரைக்கும் கதவச் சாத்தின வீட்டுலகூட இன்னைக்குக் காப்பி குடுக்காவ. நாளைக்குக் கடைசி நாள் ஊர்வலம். ஜீப்புல நீயும் நிக்கணும்னு அண்ணாச்சி சொல்லுதாரு. அந்த நூல் சேலையே போதும்."

"வீடியோவுல அந்த ரெண்டு வரி யாரு எழுதினது?"

மகேஷ் அடுக்கியிருந்த தூக்குச் சட்டிகளைப் பார்த்தான். பிறகு, அம்பலவாணனுக்கு அவ்வளவாக எழுத வராது என்றான். அரசியல் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்றான். முதலில் கொண்டுவந்த காகிதமா, ஆமாம், அதுவும் அவன் எழுதியதுதான். அதற்கு மேல் வேணி கேட்கவில்லை.

பில் புத்தகத்தை இழுத்தாள். கார்பன் தாளைச் சரியாகச் செருகினாள். பெயர் என்ற இடத்தில் மகேஷ் என்று எழுதினாள். சரக்கு என்ற இடத்தில் மன்னிப்பு என்று எழுதினாள். மகேஷ் எட்டிப் பார்த்துச் சிரிக்க முயன்றான். அவள் எழுதிக்கொண்டே போக, சிரிப்பு நின்றது.

"எம் பேருல மூணா? எல்லாம் சேத்து ஒண்ணுன்னு வச்சுக்கிடக் கூடாதா?"

"எடை போட்ட பெறவு நான் விலை கொறைக்கது இல்ல. நாளைக்கு ஜீப்பு கிளம்புததுக்குள்ள இது பூராவும் வந்து சேரணும். காமிரா முன்னால, முழுசா, வெட்டாம. இல்லன்னா ஜீப்புல நீங்களும் அண்ணாச்சியும் மட்டும் நில்லுங்க."

தாளைக் கிழித்து அசலை அவனிடம் கொடுத்தாள். நகல் புத்தகத்திலேயே இருந்தது. மாரித்தாய்க்கு வேணி தர வேண்டிய மன்னிப்பு ஒன்று, தந்தாயிற்று. மாரித்தாய்க்கு அம்பலவாணன் தர வேண்டியது ஒன்று, வரவில்லை. வேணிக்கு அம்பலவாணன், பேச்சை வெட்டியதற்கு ஒன்று, வரவில்லை. வேணிக்கு மகேஷ், நோட்டீசுக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, வீடியோவில் எழுதிய வரிக்கு ஒன்று, மூன்றும் வரவில்லை. மொத்தம் ஆறு. வரவு ஒன்று. பாக்கி ஐந்து.