கலிஃபோர்னியாப் பத்திரிகைகள் எடுத்துப் போடவும்

எங்கள் 'பள்ளத்தாக்குக் குரல்' வாரப் பத்திரிகையில் பாதிதான் நாங்கள் எழுதியது. மீதிப் பாதி கத்தரியும் பசையும். ஊர் ஊராகப் பத்திரிகைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சும்மாவே அனுப்பிக்கொள்வோம். பிடித்ததை வெட்டி எங்களுடையதில் போடுவோம், எங்களுடையதை அவர்கள் வெட்டிப் போடுவார்கள். 1850களில் ஒஹையோவில் எல்லாரும் அப்படித்தான். யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை, ஆசா டில்லிங்ஹாஸ்ட்டைத் தவிர.

ஆசா எங்கள் ஆசிரியர். கவிஞரும் கூட. நான் ஜேபஸ், அவருக்கு அச்சுக் கோர்ப்பவன். சின்ன வயசிலிருந்தே சிநேகிதம், அதனால் மரியாதை கொஞ்சம் குறைவு.

அந்த வருஷம் அவர் எழுதிய கிணற்றுப் பாட்டு ஊரெல்லாம் சுற்றியது. இப்படி ஆரம்பிக்கும்:

*கயிறு தேய்த்த கிணற்றுக் கல்லே,*
*இருவர் குனிந்த இடம் நீயே;*
*ஒருவன் முகமே தெரிகிறதே,*
*மற்றவன் எங்கே, சொல்லாயோ?*

மற்றவன் யார் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆசாவின் தம்பி எனோஸ். தங்கம் தேடிக் கலிஃபோர்னியா போகப்போகிறேன் என்று அவன் எருதுகளை விற்றபோது, ஆசா பத்திரிகையில் ஒரு துணுக்கு போட்டார். "நம்மூர்ப் புத்திசாலி ஒருவர் எருதைக் கொடுத்து மண்வெட்டி வாங்கியிருக்கிறார். தங்கம் விளைந்தால் எதை வைத்து உழுவாரோ!" தேவாலய வாசலில் நின்று ஜனங்கள் அதை உரக்கப் படித்துச் சிரித்தார்கள். எனோஸ் அங்கேதான் நின்றிருந்தான். அண்ணனிடம் சொல்லாமலே படகேறிவிட்டான். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா, எதுவும் தெரியாது.

அதை நினைத்துத்தான் ஆசா பாட்டு எழுதினார். ஆனால் பாட்டு பிரபலமானதும் அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது.

"இங்க பாருய்யா, இண்டியானாக்காரன் என் பேரைத் தூக்கிட்டான். கென்டக்கிக்காரன் அதுக்கும் மேல. 'ஒரு சீமாட்டி எழுதியது'ன்னு போட்டிருக்கான்!"

அவர் மனைவி டார்கஸ் தாள் மடித்துக்கொண்டே சொன்னாள். "சீமாட்டிக்கு மதியத்துக்குப் பீன்ஸ் போதுமா, பன்றிக்கறியும் வேணுமா?"

ஆசா சிரிக்கவில்லை. உட்கார்ந்து ஓர் அறிவிப்பு எழுதி என்னிடம் நீட்டினார். டில்லிங்ஹாஸ்ட் பெயர் இல்லாமல் எவனும் என் பாட்டைத் தொடக்கூடாது, தொட்டால் அவனுக்கு எங்கள் பத்திரிகை இனி வராது.

"யோவ் ஆசா, இதப் போட்டா ஒருத்தனும் உன் பாட்டை எடுக்கமாட்டான்."

"எடுக்க வேணாம். நீ கோர்த்துடு."

கோர்த்தேன். பாதியில் இருந்தபோது தபால் கட்டு வந்தது. செயின்ட் லூயிஸ் பத்திரிகை ஒன்றில் மறுபடியும் அதே பாட்டு. மேலே "ஏதோ ஒரு கலிஃபோர்னியாப் பத்திரிகையிலிருந்து" என்று மட்டும். எந்த ஊர், எந்தப் பத்திரிகை, ஒன்றும் இல்லை. அடியில் ஆசா எழுதாத ஒரு செய்யுள் ஒட்டியிருந்தது.

"இப்ப சேர்த்து வேற எழுத ஆரம்பிச்சுட்டானுங்க! ஜேபஸ், கேளு இந்தக் கூத்தை." குரலை உயர்த்திக் கேலியாகப் படித்தார்.

"*தொப்பி உள்ளே போனது யாராலே, தோலுரிந்தது யார் முதுகிலே, அன்னிக்கு வாயே திறக்காம நின்னவன் நான்தானே கல்லே...* மூணாவது அடியப் பாரு, நொண்டிக் குதிரை மாதிரி... என்ன தொப்பி? பாட்டுல தொப்பியே..."

அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க?" என்றாள் டார்கஸ்.

ஆசா அச்சு இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அப்பாவோட ஞாயித்துக்கிழமைத் தொப்பி. போட்டுப் பாக்கிறேன்னு குனிஞ்சு நான்தான் கிணத்துல விட்டேன். அப்பா கேட்டப்ப எனோஸ் வாயே திறக்கல. தோல் வாரால அடி வாங்கினான். இது எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

டார்கஸ் தாளை வாங்கி மறுபடி படித்தாள். "அப்ப உயிரோடதான் இருக்காரு. திட்டுறதுக்காவது உங்க பாட்டைத் தேடிப் பிடிச்சிருக்காரே!"

"எங்கன்னு எழுதுவேன்? ஊரே தெரியாதே."

"அவரு எந்த வழியா பதில் போட்டாரோ அந்த வழியாத்தான்" என்றாள்.

நான் கோர்த்து வைத்திருந்த அறிவிப்பைப் பார்த்தேன். ஆசாவும் பார்த்தார். அது வெளியானால் அந்த வழி அடைபட்டுவிடும். அவரே வந்து அந்த ஈய எழுத்துகளைக் கையால் கலைத்தார். ஒழுங்காகப் பெட்டியில் பிரித்துப் போடவில்லை. அன்று முழுக்க நான்தான் பொறுக்கினேன்.

அந்த வாரப் பத்திரிகையில் பாட்டு முழுசாக வந்தது. எனோஸின் செய்யுளோடு, அதன் கீழ் ஆசாவின் புதிய செய்யுள்:

*தொப்பி விழுந்தது என் கையால்,*
*சொல்லாதிருந்தது என் வாயால்,*
*எழுதிச் சிரித்ததும் என் மையால்;*
*கிணறு இங்கேயே இருக்கு, வா தம்பி.*

பெயர் போடவில்லை. அடியில் ஒரே வரி: "கலிஃபோர்னியாப் பத்திரிகைகள் எடுத்துப் போடவும்."

அங்கேதான் வம்பு வந்தது. அந்த வரியைச் சாவுச் செய்திக்கும் கல்யாணச் செய்திக்கும் கீழேதான் போடுவோம், தூரத்துச் சொந்தக்காரர் கண்ணில் படட்டும் என்று. ஊர்க்காரர்கள் அடிவரியைப் பார்த்தார்கள், எனோஸ் பெயர் மனசில் வந்தது, ஆள் போய்விட்டான் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். மறுநாளே துக்கத்துக்கான கறுப்புக் கையுறையும் சுட்ட ஆப்பிள் பலகாரமுமாக ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். கொல்லன் லெமுவெல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "நல்ல பையன் ஆசா. என்கிட்ட வாங்கின மண்வெட்டிதான் கடைசி" என்று அழுதான்.

"டேய், அவன் சாகலடா!" என்று கத்தினார் ஆசா.

"மனசைத் தேத்திக்க ஆசா."

"சாகல லெமுவெல்! நான்தான் அவனைக் கூப்பிடுறேன். அன்னிக்கு அந்தத் துணுக்குப் போட்டு ஊரே அவனைப் பாத்துச் சிரிக்க வெச்சேன்ல, அது தப்பு. அதுக்குத்தான் கூப்பிடுறேன். போதுமா?"

முற்றம் நிறைய ஆள். லெமுவெல் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

"நாங்களும்தானே சிரிச்சோம்" என்றான். பிறகு, "அப்ப இந்தப் பலகாரத்தை என்ன பண்றது?"

"வெச்சுட்டுப் போ" என்றாள் டார்கஸ்.

பிறகு காத்திருந்தோம். இல்லினாய்ஸ் எடுத்துப் போட்டது. மிஸௌரியில் ஒருவன் குடிக்கு எதிராக ஒரு செய்யுளைச் சொருகி, கிணற்றுத் தண்ணீரே நல்லது என்று முடித்திருந்தான். கென்டக்கிக்காரன் மறுபடியும் 'அதே சீமாட்டி' என்றான். ஒவ்வொன்றையும் ஆசா சிரித்துக்கொண்டே வெட்டிச் சுவரில் ஒட்டினார். "போகட்டும், போகட்டும், மேற்கே போகட்டும்." கிணற்றுக்குப் புதுக் கயிறு மாற்றினார். குளிர்காலம் போய் ஆற்றில் பனிக்கட்டி உடைந்தது. தபால் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் டார்கஸ் முதலில் கை நீட்டுவாள்.

ஆப்பிள் பூத்திருந்த சமயம் அது வந்தது. இந்த முறையும் யாரோ வெட்டி, அதை யாரோ வெட்டி, எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல். டார்கஸ்தான் படித்தாள்.

"*முதுகு ஆறி ரொம்ப நாளாச்சு கல்லே, மனசு ஆற கொஞ்சம் நாளாச்சு, ஆப்பிள் பழுக்குறதுக்கு முன்னாடி கப்பல் பிடிச்சு எப்படியும் வந்துடறேன், தொப்பிய மட்டும் நீயே எடு அண்ணே.*"

ஆசா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் அச்சுக்கோலை எடுத்து எழுத்துக் கோர்க்க ஆரம்பித்தேன்.

"மூணாவது அடி இதுலயும் நொண்டுதுய்யா. கொஞ்சம் வெட்டிச் சரி பண்ணட்டுமா?"

"தொட்டே, கைய ஒடிச்சுடுவேன்."

"சரி சரி. பேரு?"

ஆசா மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, தலைப்புக்கு மட்டும் எடுக்கிற பெரிய எழுத்துப் பெட்டியை இழுத்தார். "எனோஸ் டில்லிங்ஹாஸ்ட், இந்த ஊர்க்காரர். முழுசாப் போடு. எவனாவது பேரைத் தூக்கினான்னா, அப்ப எழுதுறேன் அந்த அறிவிப்பை."