அம்மா போட்ட பின்னல்

எனக்குச் சந்தேக புத்தி. இல்லன்னு நான் சொல்லவே மாட்டேன். எங்க பார்லர் கல்லாவில உக்காந்துக்கிட்டு, வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அண்ணி அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. காணாமப் போன பிள்ளைங்களுக்கான உதவி எண்ணைக் கண்ணாடியில ஒட்ட ஒரு பொண்ணு வந்தப்பவும் விடல. "இவகிட்டப் போய் இந்த நம்பரைக் குடுக்கறியேம்மா, பிள்ளையோட வர்ற அத்தனை பேரையும் பிடிச்சுக் குடுத்துடுவா"ன்னாங்க. ஏற்கெனவே ஒரு தடவை பிள்ளையோட வந்த ஒருத்தரைச் சந்தேகப்பட்டுப் போலீசைக் கூப்பிட்டு, அவர் அதோட சொந்தத் தாத்தான்னு தெரிஞ்சு என் மானம் கப்பலேறியிருந்துச்சு.

ஒட்ட வந்த பொண்ணு சிரிக்கல. "அடையாளத்தை மாத்த முதல்ல முடியைத்தான் வெட்டுவாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன். கூட்டிட்டுப் போறவன் வெளியாளாத்தான் இருப்பான்னும் நினைக்காதீங்க"ன்னுச்சு. அண்ணி அதைக் காதுலயே வாங்கல, அதுக்குள்ள கஸ்டமருக்குச் சில்லறை தேட ஆரம்பிச்சுட்டாங்க.

மறுவாரம் மத்தியானம் ஒருத்தன் ஏழெட்டு வயசுப் பொண்ணோட வந்தான். "பையன் மாதிரி ஒட்ட வெட்டிடுங்க. இவ அம்மா வேலைக்குப் போறா, தலை பின்ன நேரமில்ல"ன்னு அண்ணிகிட்டச் சொன்னான். பொண்ணும் அவனை அப்பான்னுதான் கூப்பிட்டுச்சு. போதுமாடின்னு கேக்கற மாதிரி அண்ணி என்னைப் பாத்துப் புருவத்தைத் தூக்கினாங்க.

எனக்குப் போதல. பிள்ளையை நாற்காலியில உக்கார வெச்சுப் பின்னலைப் பாத்தேன். பின்னினது நல்லாப் பழகின கை. ஆனா சீப்பு பட்டு ரொம்ப நாளாகி, உச்சியெல்லாம் சிக்கு. அவிழ்க்கலாம்னு கை வெச்சேன், பிள்ளை வெடுக்குன்னு தலையை இழுத்துக்கிச்சு.

"அவிழ்க்காதீங்க ஆன்ட்டி. அம்மா போட்டது."

"அதனால என்ன கண்ணு? அம்மா மறுபடி போட்டு விடுவாங்க."

"மாட்டாங்க. அம்மா செத்துப் போயிட்டாங்க."

கல்லாவில அவன் சொன்னப்ப வேலைக்குப் போறவ, நாற்காலிக்கு வர்றதுக்குள்ள செத்துட்டாளா? கண்ணாடியில அவனைப் பாத்தேன். அவன் வாசலையே பாத்துட்டிருந்தான்.

கத்திரி மழுங்கிப் போச்சுன்னு சொல்லிட்டு உள் ரூமுக்குப் போனேன். அண்ணி பின்னாலயே வந்தாங்க.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? பெத்த அப்பன்டி அவன்."

"பொண்டாட்டி என்ன பண்றதா உங்ககிட்டச் சொன்னான்?"

"வேலைக்குப் போறான்னு."

"அவ செத்துட்டான்னு பிள்ளைகிட்டச் சொல்லி வெச்சிருக்கான்."

அண்ணி முகத்துல ஈயாடல. நேரா வெளிய போய், அவன்கிட்ட வெயில்ல ஆரம்பிச்சு வீட்டு வாடகை வரைக்கும் பேச ஆரம்பிச்சாங்க. அவங்க வாயில மாட்டினவன் லேசுல எழுந்திரிக்க முடியாது. நான் அந்த உதவி எண்ணுக்குப் போனைப் போட்டேன். எடுத்தவங்க பிள்ளையோட அடையாளத்தை ஒவ்வொண்ணாக் கேட்டுட்டு, "முடியில கை வெக்காதீங்க, ஆள் அனுப்பறோம்"னாங்க. இந்தத் தடவையும் தப்பாப் போனா அண்ணி ஆயுசுக்கும் விட மாட்டாங்க. என் சந்தேகம் தப்பில்லன்னு ஆனாலோ, அதை நினைக்கவே பயமா இருந்துச்சு.

போலீஸ் வந்தப்ப அவன் ஓடல. "என் பொண்ணை நான் கூட்டிட்டுப் போகக் கூடாதா?"ன்னு எங்களைத்தான் கேட்டான். பிள்ளை அம்மாகிட்டத்தான் இருக்கணும்னு கோர்ட்டே சொல்லியிருக்கு, ஸ்கூல் வாசல்லேருந்து தூக்கிட்டு வந்துட்டான்னு போலீஸ்காரம்மா சொன்னாங்க. அவங்க ஒரு நம்பருக்குப் போன் போட்டு, பிள்ளை கையில குடுத்தாங்க.

அந்தப் பக்கம் ஒருத்தி அழுதுக்கிட்டே பேர் சொல்லிக் கூப்பிடறது எனக்கே கேட்டுச்சு. பிள்ளை ஒரு கையால பின்னல் நுனியைப் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் மெதுவாக் கேட்டுச்சு.

"அம்மா, செத்தப்ப வலிச்சுதா?"