அடித்துணி

என் மனைவி இறந்த பிறகு எனக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது ஒரு சனிக்கிழமை மதியம், நூலகத்தின் மேல்மாடியில், எட்டுப் பெண்களுக்கு நடுவில். அதுவரை ஒன்றும் வரவில்லை. அழுகைகூட. அலுவலகம் போனேன், வந்தேன், பல் தேய்த்தேன். பார்த்தவர்கள் "பரவாயில்லை, தைரியமாத்தான் இருக்கான்" என்றார்கள். தைரியம் எல்லாம் இல்லை. உள்ளே மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அவள் சனிக்கிழமைதோறும் போய்வந்த தையல் கூட்டம் அது. கூட்டத்துக்குச் சொந்தமான கத்தரியும் நூல் பெட்டியும் எங்கள் வீட்டில் இருந்தன. திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன்.

அறை முழுவதையும் ஒரு போர்வைதான் அடைத்துக்கொண்டிருந்தது. துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரே கருநீலத் துணி. மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நான்கு முக்காலிகள் மேல் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்து ஊசியை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு வருடமும் ஒரு போர்வை. முதலில் போட்டிக்குப் போகும், பிறகு மருத்துவமனைக்கு.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்று ஒரு அம்மா நாற்காலியை நகர்த்தி, வாய் நிறையக் கொட்டாவி விட்டார். உடனே வரிசையாக நாலு பேர் விட்டார்கள். கொட்டாவி அக்கா என்றுதான் அவருக்குப் பெயராம். அவரே சொன்னார், பெருமையாக.

"உங்க வீட்டுக்காரம்மா தைச்ச கட்டம் பாக்கறீங்களா?" என்றார் தபால் அக்கா. அஞ்சலகத்தில் முத்திரை குத்துகிறவர். ஊசியையும் அதே வேகத்தில்தான் குத்தினார்.

வெளிர்பச்சை இலை ஒன்று. அதன் நரம்புகள்மேல் வெள்ளை நூலில் தையல் ஓடியிருந்தது. ஒவ்வொன்றும் ஒரே அளவு, அச்சடித்ததுபோல.

நான் ரொம்ப நேரம் பார்த்தேன்.

கடைசி மாதங்களில் மருந்து அவள் கையை உதற வைத்தது. என் சாம்பல் நிறச் சட்டைக்கு ஒரு பொத்தான் தைக்க அவளுக்கு ஒரு மாலை முழுக்கத் தேவைப்பட்டது. ஒரு தையல் அரிசி அளவு, அடுத்தது தீக்குச்சி அளவு. அந்தக் கை இதைத் தைத்திருக்கவே முடியாது. யாரோ அவள் தையல்மேல் கை வைத்திருக்கிறார்கள் என்று கோபம் வந்தது.

"எவ்வளவு நேர்த்தி பாத்தீங்களா?" என்றார் டீச்சர். பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்குத் தலைவி. அறைச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

"நல்லா இருக்கு" என்றேன்.

படி இறங்கும்போது நர்ஸ் பின்னாலேயே வந்தார். கண் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர், கூட்டத்தில் வாய் திறக்காத ஒரே ஆள்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா எனக்கு ஆறாது."

"சொல்லுங்க."

"எல்லாரும் கிளம்பினதும் டீச்சர் இருந்து, கோணலா இருக்கறதைப் பிரிச்சு, தானே திருப்பித் தைச்சு வைப்பாங்க. ஒழுங்குபண்றதுன்னு பேரு. உங்க வீட்டுப் பொண்ணோடதை வாராவாரம் பண்ணினாங்க. ஒரு நாள் அது கண்ணாடியை மறந்து வெச்சுட்டுப் போயி, எடுக்கத் திரும்பி வந்துச்சு. டீச்சர் மடியில நூலா கிடக்கு. அன்னைக்கு அது தைச்ச நூல்."

"என்ன சொன்னா?"

"'பரவாயில்ல டீச்சர்'னு சொல்லிச்சு. கண்ணாடியை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. நான் உள்ளே கப் கழுவிக்கிட்டு இருந்தேன். குழாயை மூடலை. மூடினா நான் இருக்கறது தெரிஞ்சிடும்னு."

அவர் அழுதார். நான் அழவில்லை. எனக்குக் கணக்கு நேராகிக்கொண்டிருந்தது. இனிமேல் போகவில்லை, கை வலிக்கிறது என்று அவள் சொன்னது அந்தச் சாயங்காலம்தான். அதற்குப் பிறகு கைகளைப் போர்வைக்கு வெளியே அவள் எடுக்கவே இல்லை. மருத்துவமனையில் கையெழுத்துக் கேட்டால் என்னைப் பார்ப்பாள். குளிர் என்று நினைத்து இன்னொரு போர்வை வாங்கிவந்து போட்டேன்.

அந்த டீச்சரை என்ன செய்யலாம் என்று யோசித்தபடி வீடு வந்து சேர்ந்தேன். பல நாள் கழித்துப் பசித்தது. சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை போய், "எனக்கும் தைக்கக் கத்துக்கணும்" என்றேன்.

எல்லாருக்கும் மனசு குளிர்ந்துபோனது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ ஞாபகமா வரீங்க. வாங்க தம்பி" என்று ஓரத்தில் ஒரு கட்டம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"ஆம்பளை கையில ஊசி! யாராவது கதவைச் சாத்துங்க, வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்" என்றார் தபால் அக்கா.

"யாரு மானம்?"

"அவரோடதுதான். நமக்கு எப்போ இருந்துச்சு?"

சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். என் தையல் நாய் ஓடிய வழிபோல இருந்தது. அடுத்த வாரம் போனபோது அது நேராக இருந்தது. பக்கத்திலேயே அடுத்த வரிசையைத் தொடங்கினேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பழகப் பழக ஒரு விஷயம் புரிந்தது. ஒழுங்குபண்ணுவது எல்லாருக்கும் தெரியும்.

"இந்த தபால்காரி தையலைப் பாருங்க" என்று காதருகே வந்து சொன்னார் கொட்டாவி அக்கா. "நாம போனதும் டீச்சர் மொத்தமும் பிரிச்சுடுவாங்க. பாவம், அவளுக்குத் தெரியாது. நீங்க சொல்லிடாதீங்க."

"உங்களோடது?"

"என்னோடதை ஏன் தொடப்போறாங்க? அதெல்லாம் சுத்தமா இருக்கும்."

அடுத்த வாரம் தபால் அக்கா என்னிடம் கொட்டாவி அக்காவைப் பற்றி அதையே சொன்னார். "கொட்டாவி விட்டுக்கிட்டே தைச்சா எப்படி நேரா வரும்? வாயைப் பாக்கறதா, ஊசியைப் பாக்கறதா?" இப்படி ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகப் பரிதாபப்பட்டார்கள். தன் கட்டம் மட்டும் தப்பித்தது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

டீச்சரைக் கவிழ்க்க அது போதும் என்று எனக்குப் பட்டது. ஆனால் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. மேலே பார்த்தால் எல்லாம் டீச்சர் கைதான். பழைய நூல் குப்பைக்குப் போய்விட்டது.

ஒரு வாரம் யாருடைய ஊசியோ கீழே விழுந்தது. "தம்பிக்குத்தான் முட்டி நல்லா இருக்கு" என்று என்னைச் சட்டத்துக்கு அடியில் அனுப்பினார்கள். போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தவழ்ந்தேன். ஊசி கிடைத்தது. எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது மூக்குக்கு மேலே கருநீல அடித்துணி.

அதில் டீச்சரின் தையல் வரிசைகள் ஓடின. அவற்றுக்குப் பக்கத்திலேயே, குறுக்கும் நெடுக்குமாக, வெள்ளைப் புள்ளிகள். ஒரு முறை ஊசி இறங்கிப் பிறகு நூல் உருவப்பட்ட இடத்தில் எல்லாம் உள்ளே இருந்த பஞ்சு ஒரு இழை வெளியே எட்டிப் பார்த்தது. நூலைத்தான் அவர் எடுத்திருந்தார், துளைகளை எடுக்க முடியவில்லை. மேல்துணி வெளிர் நிறம், தெரியாது. அடித்துணியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பச்சை இலைக்கு அடியில் போய்ப் படுத்தேன். அரிசி. தீக்குச்சி. அரிசி. அவளேதான்.

"என்ன தம்பி, அங்கேயே தூங்கிட்டீங்களா?" என்று குரல் கேட்டது.

"கிடைச்சிடுச்சு" என்றேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் சரிசெய்ய டீச்சருக்கு நேரம் கிடைத்துவிடும். காத்திருந்தேன். வாராவாரம் போய் அவர் கண்ணெதிரே தப்புத் தப்பாகத் தைத்தேன். அவர் என் தோளைத் தட்டி, "வந்துடும், வந்துடும்" என்றார்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. புதன்கிழமை போட்டி.

"இன்னைக்குக் கழட்டிடலாம்" என்றார் டீச்சர். "வீட்டுக்குக் கொண்டுபோய் நானே அலசிக் காயப் போடறேன். தண்ணி பட்டா துணி இறுகிடும், புதுசு மாதிரி ஆயிடும்."

துணி இறுகினால் துளை மூடும். பஞ்சு அலசிப் போகும். வருடாவருடம் அப்படித்தான் போயிருக்கிறது.

நான் எழுந்து, என் பக்கத்துச் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினேன். முக்காலி ஒன்று சாய்ந்தது. நூல் கண்டுகள் உருண்டன. "ஐயோ, என்ன பண்றீங்க!" என்று பாதிப் பேர் எழுந்தார்கள். போர்வையை ஜன்னல் பக்கமாக நிமிர்த்தி, அடித்துணி அவர்களைப் பார்க்கும்படி சுவரில் சாய்த்தேன். வெயில் நேராக அதன்மேல் விழுந்தது.

"உங்க உங்க கட்டத்தைப் பாருங்க" என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு தபால் அக்கா கிட்டே போனார். விரலால் ஒரு புள்ளியைத் தொட்டார். அதற்கடுத்த புள்ளி. அதற்கடுத்தது. விரல் ஒரு பூவைச் சுற்றிவந்து நின்றது.

"இது என்னோடதுதானே?" என்றார்.

கொட்டாவி அக்கா தன்னுடையதைக் கண்டுபிடித்துவிட்டு நின்றார். வாய் திறந்திருந்தது, கொட்டாவி இல்லை. "என்னோடதுமா டீச்சர்? போன வருஷமுமா? அதுக்கு முன்னாடியுமா?"

டீச்சர் பின்வாங்கவில்லை. "ஆமாம். எல்லாரோடதும்தான். கோணலா ஒரு தையல் பாத்தா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. பரிசு வந்தப்போ எல்லாரும்தானே மேடை ஏறினீங்க? போட்டோவுக்கு முன்வரிசையில நின்னீங்க. அப்போ யாராவது இது என் கைதானான்னு பாத்தீங்களா?"

நியாயமான கேள்வி. ஒரு கணம் எல்லாம் கைநழுவுகிறதோ என்று பயந்தேன்.

"அந்தப் பொண்ணு சாகக் கிடந்துச்சு டீச்சர்" என்று ஒரு குரல். நர்ஸ். அவர் குரலை அந்த அறை அதிகம் கேட்டதில்லை. "கண்ணாடி எடுக்க வந்துச்சு, நீங்க பிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் இருந்தேன். அதுக்கப்புறம் அது இந்தப் படி ஏறலை."

டீச்சர் முகம் மாறியது. "போட்டிக்குப் போறதுன்னு அவகிட்ட சொன்னேனே. பரவாயில்லன்னுதானே சொன்னா" என்றார், மெதுவாக.

"என்கிட்ட கை வலிக்குதுன்னு சொன்னா" என்றேன்.

சட்டத்தைப் பழையபடி கிடத்தினோம். தபால் அக்கா, யாரையும் கேட்காமல், தன் கட்டத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். முத்திரை வேகம் இல்லை. கொட்டாவி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"புதன்கிழமை போட்டி" என்றார் டீச்சர். யாரும் நிமிரவில்லை. என் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னதான் வேணும்?"

எப்போதும் என்னை நீங்க என்றுதான் சொல்வார்.

"அவளோடதை நீங்க பிரிச்சீங்க. நீங்களே தைச்சுக் கொடுக்கணும். அவ துளையிலேயே."

"என்னால கோணலாத் தைக்க முடியாது."

"கத்துக்கலாம். வந்துடும், வந்துடும்."

நர்ஸ் தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்துப் பச்சை இலைமேல் வைத்தார். "உக்காருங்க டீச்சர்."

அவர் உட்கார்ந்தார். போர்வை போட்டிக்குப் போக வேண்டுமென்றால் அந்த ஏழு பேரும் வேண்டும், அது அவருக்குத் தெரியும். நான் அடியில் போய் மல்லாந்து படுத்தேன். டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டேன். மேலேயிருந்து அவர் ஒரு விரல் நீளம் பிரிப்பார். நான் கீழேயிருந்து ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியிலும் குண்டூசியைக் குத்தி ஏற்றுவேன். முனை வெளிவந்த இடத்தில் அவர் தைக்க வேண்டும்.

நாலாவது தையலிலேயே அவர் கை பழக்கத்துக்கு ஓடிவிட்டது. என் குண்டூசிக்காகக் காத்திருக்காமல், நேராக, சின்னதாக, அழகாக.

"பிரிங்க" என்றேன்.

பிரித்தார். மறுபடி தைத்தார். மறுபடி ஓடிவிட்டது.

"பிரிங்க."

ஒரு முறை குண்டூசி அவர் விரலில் ஏறிவிட்டது. மேலே மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் ஊசியை உடனே எடுக்கவில்லை. நிதானமாகத்தான் எடுத்தேன்.

"இவ்வளவு தள்ளியா அடுத்தது?" என்று பிறகு ஒரு இடத்தில் கேட்டார்.

"அந்த வாரம் மருந்தைக் கூட்டினாங்க."

அதற்குப் பிறகு அவர் குண்டூசிக்காகக் காத்திருந்தார். முனை வந்த இடத்தில் தைத்தார். தீக்குச்சி, தீக்குச்சி, அரிசி, மறுபடி தீக்குச்சி. இலையின் நடு நரம்பு தாண்டியது. மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். யாரோ டீ கொண்டுவந்து அவர் காலருகே வைத்தார்கள். அவர் குடிக்கவில்லை.

பிறகு நான் குண்டூசியை ஏற்றுவதை நிறுத்தினேன்.

"என்ன ஆச்சு? அடுத்தது எங்க?"

"அடுத்தது இல்ல."

"பாதி இலைதானே ஆகியிருக்கு?"

"அன்னைக்குத்தான் கண்ணாடியை மறந்து வெச்சுட்டுப் போனா."

அவர் புடவை நுனியும் செருப்பும் மட்டும் எனக்குத் தெரிந்தன. செருப்பு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"மீதியில என் தையல் இருக்கு" என்றார். "அது அப்படியே இருக்கட்டுமா? வெறுமையா விட்டா நடுவர் எல்லார் முன்னாடியும் கேப்பாங்க தம்பி. நான்தான் பதில் சொல்லணும்."

"சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"நடந்ததை."

"போதும் தம்பி. மனசு விட்டுக் கேக்கறேன். இதோட போதும்."

அவள் என் பக்கத்தில் படுத்துக் கேட்டிருந்தால் போதும் என்றுதான் சொல்லியிருப்பாள். பரவாயில்லை என்பாள். அவள் அப்படிப்பட்டவள். நான் அப்படி இல்லை.

"பிரிங்க" என்றேன்.

கொக்கி துணிக்குள் இறங்கியது. முதல் நூல் அறுந்தது.