ஆறு மொட்டைக் காம்புகள்

குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள் மகள். கசங்கிய காகிதக் கைக்குட்டைக்குள் இருந்தன, காட்டு லில்லியின் ஆறு மகரந்தப்பைகளும். நசுங்கிப் போயிருந்தன.

"அதையேன்டி நோண்டுறே?" என்றாள் சித்தி. "மகரந்தம் போர்வையில உதிர்ந்தா கறை ஜென்மத்துக்கும் போகாது. எங்க கடையில பூ வந்ததும் முதல் வேலையே இதைக் கிள்ளிப் போடுறதுதான்."

நல்லெண்ணம்தான். சித்தி எதைச் செய்தாலும் நல்லெண்ணம்தான், அதுதான் தொல்லையே. உள்ளே கட்டிலில் கிடக்கிற அம்மா ஆயுசு முழுக்கக் காட்டு லில்லிகளை வரைந்தவள். கண்ணெதிரே இல்லாத ஒரு நரம்பைக்கூடக் காகிதத்தில் வைக்கமாட்டாள். பதிப்பகத்துக்காக இப்போது வரைந்துகொண்டிருந்த படத்தில் இதழ், தண்டு, கிழங்கு எல்லாம் முடிந்துவிட்டன. மகரந்தப்பை வெடித்து நிறம் மாறட்டும் என்று அதை மட்டும் விட்டுவைத்திருந்தாள். மலையில் பருவம் முடிந்துவிட்டது. அடுத்த பருவத்துக்கு அம்மா இருக்கப்போவதில்லை.

பல வருஷம் முகம் பார்க்காமலிருந்த அக்காவும் தங்கையும் இந்த வாரம்தான் பேசத் தொடங்கியிருந்தார்கள். விஷயம் தெரிந்தால் அம்மா சித்தியை வாசலோடு அனுப்பிவிடுவாள். கடைசி நேரத்திலாவது ஒன்றாக இருக்கட்டுமே என்று மகளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

"ஒண்ணுமில்ல சித்தி. நீங்க போய்க் குளிங்க."

அம்மா விழித்துக்கொண்டாள்.

"வெடிச்சிருச்சா? பிரஷ்ஷை எடு. பூவைக் கிட்டக் கொண்டா."

கொண்டுபோனாள். வேறென்ன செய்ய? அம்மா பூவுக்குள் குனிந்து பார்த்தாள். ஆறு மொட்டைக் காம்புகள்.

"யாரு?"

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"நான்தாம்மா. போர்வை கறையாயிடுமேன்னு..."

"நீயா? என் வயித்துல பொறந்துட்டு, ஒரு போர்வைக்காகவா?"

வரைகிற பூவைத் தொடக்கூடாது என்பது இந்த வீட்டில் அவளுக்குப் பாலபாடம். அம்மா இதை நம்பிவிட்டாளே! அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எந்திரி. சித்தியக் கூப்பிடு."

சித்தி ஈரத்தலையோடு ஓடிவந்து உட்கார்ந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். கோபம் தணிந்ததும் பேசுவாள் என்று மகள் பாலை ஆற்றி எடுத்து வந்தாள். "அங்க வச்சிடு, அப்புறம் தர்றேன்" என்றாள் சித்தி. மத்தியானம் மூச்சு நின்றது.

சாயங்காலம் கூடம் நிறைய ஆட்கள். "என் கையைப் பிடிச்சபடியேதான் போனா" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள் சித்தி. பதிப்பகத்துக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு மகளிடம் மெல்லக் கேட்டார்.

"இது மட்டும்தான் பாக்கி போல. நீங்களே போட்டுருங்களேன், உங்களுக்குத் தெரியாததா?"

"பார்க்காம போடக்கூடாது சார். அப்படியே அச்சடிங்க."

கூட்டம் குறைந்ததும் சித்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன்கிட்ட கடைசியா என்னடி சொன்னா?"

"உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க சித்தி."

சித்தி விம்மிக்கொண்டே அவளைக் கட்டிக்கொண்டாள். மகளின் கைகள் சற்று நேரம் தொங்கியபடியே இருந்தன. பிறகு ஒரு கை மட்டும் எழுந்து சித்தியின் முதுகைத் தட்டிக்கொடுத்தது.