குத்திய இடத்துக்கும் சைபர்

நவம்பர் 12, செவ்வாய். வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் எடுக்கும் மாலை வகுப்பில் இன்று ஒரு தவறு செய்தேன், சிறியதுதான், கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி குத்தி, இந்தப் பலகைக்கு எந்தப் பக்கமும் விளிம்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், கண்ணை மூடிக் குத்தும் புள்ளி சரியாக இங்கே விழ வாய்ப்பு சைபர், ஆகவே விழாது என்றேன், அந்த ஆகவேதான் தவறு, பின்பெஞ்சிலிருந்து உப்பளத்தில் வேலை பார்க்கும் ஜெபக்கனி, ஏல, விழாதுன்னா சொல்லுத, இப்ப நீ குத்துனது எங்க விழுந்துச்சுடே, அந்த எடத்துக்கும் சைபர்தானல என்றான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிப்பு அடங்கியபோது பலகை கடலாக இருக்கிறது, என் கஸ்மீர் அண்ணன் மீன்பிடிக்கத் தனியாக வள்ளத்தைத் தள்ளுகிறான், வாரேம்ல, நீ படிச்சுக் கிழி என்கிறான், அவனுடைய வெள்ளைச் சட்டை சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகிறது, கண் சிமிட்டினேன், இல்லை, பிறகு வள்ளம் மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது, மழைக்காலம் வந்துவிட்டது, எங்கள் மாதா கோயிலில் நவம்பர் இறந்தவர்களின் மாதம், பூசையில் வாசிக்கப் பெயர் கேட்டு வந்த கோயில் உபதேசியார் வாசலில் தயங்கி நிற்கிறார், கஸ்மீரு பேர எதுல எழுதட்டும்மா, ஆன்ம இளைப்பாற்றிக்கா, சுகமாத் திரும்பி வரவா, அம்மா என்னைப் பார்க்கிறாள், நீதான கணக்குப் படிக்க, வருவானா மக்கா, அத்தனை பெரிய கடலில் ஓர் ஆள், நான் முறையாக யோசித்தேன், முறையாகத்தான் யோசித்தேன், சைபர்மா என்றேன், சைபர்னா கொஞ்சங்கூட இல்லியா, இல்லம்மா, அவள் உபதேசியார் பக்கம் திரும்பி, செத்தவங்களோடயே எழுதிக்கிடுங்க என்றாள், அது நேற்று, இன்று அவள் அவனுடைய சட்டைகளை மடித்து வைத்திருக்கிறாள், கொடுத்துவிட, நான் சாப்பிடாமல் உட்கார்ந்து யோசிக்கிறேன், எல்லையில்லாத பரப்பில் எல்லா இடத்துக்கும் ஒரே அளவு வாய்ப்பைப் பங்கு வைக்கவே முடியாது, கடலும் அப்படிப் பங்கு வைப்பதில்லை, நீவாடு என்கிற நீரோட்டம் இழுத்த பக்கம், காற்று தள்ளிய பக்கம், ஏதோ ஒரு கப்பல் போன பக்கம், எங்கோ ஓரிடத்தில் வாய்ப்பு கனத்துக் கிடக்கும், இது கணக்கா என் ஆசையா என்று தெரியவில்லை, ஆசையாகவும் இருக்கலாம், ஆனால் நான் அம்மாவிடம் சொன்னது கணக்கே இல்லை, விரல் நுனியில் சுண்ணப்பொடி இன்னும் ஒட்டியிருக்கிறது, சின்ன வெள்ளைப் புள்ளி, சிறுத்துக்கொண்டே போனது இப்போது அசையாமல் நிற்கிறது, போகிறதா வருகிறதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

நாளை: பூசைக்கு முதல் மணி அடிப்பதற்கு முன் அம்மாவை அழைத்துக்கொண்டு போய், உபதேசியாரிடம் கஸ்மீர் அண்ணன் பெயரைச் சுகமாகத் திரும்பி வருகிறவர்களோடு மாற்றி எழுதச் சொல்ல வேண்டும்.